காஞ்சிபுரம் போய் வந்த காரின் வீல் கறுத்துப்போச்சா? தேய்க்காதீங்க, கரைச்சு எடுங்க!

கல்யாணப் பட்டு எடுக்க சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய் வந்தால் சுமார் 150 கிலோமீட்டர். ஹைவேயில் வேகமாகப் போய் டோல்கேட்டில் பிரேக் அடிக்கிறோம். காந்தி ரோட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ பத்தடிக்கு ஒரு பிரேக். மறுநாள் காரைக் கழுவினால் பாடி பளபளக்கும். முன்சக்கரங்கள் மட்டும் கரி அப்பிய மாதிரியே இருக்கும். அது ரோட்டுத் தூசி இல்லைங்க, உங்கள் பிரேக் தேய்ந்து உதிர்ந்த தூள்.

பிரேக்கை மிதிக்கும்போது, சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கை பிரேக் பேட் இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டுமே தேய்கின்றன. சூடாக உதிரும் இரும்புத் துகள்கள் வீலின் மேல்பூச்சில் போய் ஒட்டுகின்றன. ஈரம் பட்டால் துருப்பிடித்து இன்னும் இறுகிவிடும். அதனால்தான் ஷாம்பூ போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. பிரேக் அடித்தால் எடை முன்பக்கம் சாய்வதால், அதிக வேலை முன் பிரேக்குகளுக்குத்தான். பல சின்ன கார்களில் பின்னால் டிரம் பிரேக். அங்கே தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

எப்படி எடுப்பது?

வண்டியை நிழலில் நிறுத்தி, வீல் கைக்குத் தொடும் சூட்டுக்கு ஆறும்வரை பொறுங்கள். முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பூ. மிச்சமிருக்கும் கறுப்புக்கு 'அயர்ன் ரிமூவர்' ஸ்பிரே. கார் ஆக்சஸரீஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், 'பி.ஹெச் நியூட்ரல்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அடித்த சில நிமிடங்களில் வீலில் ஊதா நிறம் வழியும். பயப்பட வேண்டாம், மருந்து இரும்போடு சேர்ந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்றம் மட்டும் அழுகிய முட்டை மாதிரி குடலைப் புரட்டும்! கையுறை போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் இடுக்குகளில் தடவி, காய்வதற்குள் நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஒவ்வொரு வீலாகச் செய்வது நல்லது. கறை விடவில்லை என்றால் இன்னொரு முறை அடியுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். வீல் துடைத்த துணியால் பாடியைத் துடைத்தால், அந்த இரும்புத் தூளே பெயின்ட்டில் கோடு போட்டுவிடும்.

பித்தளை விளக்கைப் புளி போட்டு மின்ன வைக்கிற கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் அலாய் வீல் அலுமினியக் கலவை. புளியோ எலுமிச்சையோ அதற்கு ஆகாது. டாய்லெட் ஆசிட் இன்னும் மோசம், மேல்பூச்சைக் கெடுத்து அலுமினியத்தையே அரிக்கும். கம்பி நார் பக்கமே போக வேண்டாம். உலர்ந்த தூளைக் காற்றடித்து ஊதுவதும் தப்பு, அத்தனையும் மூக்குக்குள்தான் போகும்.

கழுவி முடித்ததும் காலியான தெருவில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை லேசாக மிதியுங்கள். டிஸ்க் ஈரம் காய்ந்துவிடும். டிஸ்க்கில் தெரியும் லேசான செந்துருவும் அதிலேயே போய்விடும். பளபளப்புக்கு மெழுகோ பாலிஷோ போடுவதாக இருந்தால், டிஸ்க் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது. பிரேக் பிடிக்காது.

இன்னொன்று, கழுவும்முன் வீல்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு கறுத்திருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் அதிகமாகக் கறுத்து, ஓட்டி நிறுத்தியதும் அந்தப் பக்கம் மட்டும் அனலடித்தால், பேடை அழுத்தும் காலிப்பர் விடுபடாமல் சிக்கியிருக்கலாம். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, கறகறவென உரசும் சத்தம் கேட்டாலோ, வாட்டர் வாஷுக்கு முன்னால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.