தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்

'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்', பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் ஆறு வாரங்கள் வெளிவந்த கதை. 1966 நவம்பர் 5 முதல் டிசம்பர் 10 வரை சனிக்கிழமை மாலைகளில் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பானது. எழுதியவர் டேவிட் விட்டேக்கர், இயக்கியவர் கிறிஸ்டோபர் பாரி, தயாரிப்பாளர் இன்னஸ் லாயிட். மூன்று ஆண்டுகளாகத் தொடரின் நாயகன் டாக்டராக நடித்துவந்த வில்லியம் ஹார்ட்னல் விலகியபின் அந்த வேடத்தில் பாட்ரிக் ட்ரவுட்டன் நடித்த முதல் கதை இதுதான். அதன் ஆறு பகுதிகளில் ஒன்றுகூட இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை.

ஒரு தொடரின் முக்கிய நடிகர் மாறும்போது தமிழ்த் தொலைக்காட்சி "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் ஒரு வரி போடும். பார்ப்பவர்களும் ஏற்றுக்கொள்வார்கள், கதையும் தடைபடாமல் நகரும். இந்தக் கதையை எடுத்தவர்கள் அந்த வரியைப் போடவில்லை. நடிகர் மாறியதையே கதைக்குள் நடந்த சம்பவமாக்கினார்கள். டாக்டருக்கே முகம் மாறிவிட்டது என்றார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த முடிவால்தான் 'டாக்டர் ஹூ' இத்தனை நடிகர்களைக் கடந்து வந்திருக்கிறது.

பின்னணி

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. தொடருக்கு வித்திட்டவர் பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்த கனடாக்காரர் சிட்னி நியூமன். முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். முதல் கதையை இயக்கி, ஹார்ட்னலின் டாக்டரை உலகுக்கு அறிமுகம் செய்தவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். அப்போது அவருக்கு வயது 24. நாவலாசிரியர் அத்தியா ஹுசேனின் மகன் அவர். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிக நீண்ட கதைகளில் ஒன்றுக்கு முதல் காட்சியமைத்தவர் ஓர் இந்தியர் என்பது நம்மவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய செய்தி.

தொடருக்குப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தவை டாலெக்குகள். டெர்ரி நேஷன் எழுதி, ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த இந்த உலோகக் கூட்டு உயிரினங்கள் 1963 டிசம்பரில் அறிமுகமாகிப் பிள்ளைகளின் பொம்மைக் கடைவரை போய்ச் சேர்ந்தன.

1966-ல் ஹார்ட்னலுக்கு உடல்நலம் குன்றியிருந்தது. தமனித் தடிப்பு நோயால் வசனங்களை நினைவில் வைத்துக்கொள்வது கடினமாகிவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி வாராவாரம் ஒரு பகுதியைப் பதிவு செய்தாக வேண்டிய வேலை அது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே சுமைதான். தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நிறுத்தவும் மனமில்லை. டாக்டர் மனிதர் அல்லர், வேற்றுலகைச் சேர்ந்தவர் என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. அந்த ஒரு தகவலை லாயிடும் கதைப் பொறுப்பாளர் கெர்ரி டேவிஸும் பற்றிக்கொண்டார்கள். தளர்ந்துபோன உடல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்றானது.

ஹார்ட்னலின் கடைசிக் கதையான 'தி டென்த் பிளானட்' 1966 அக்டோபர் 29 அன்று முடிந்தது. தரையில் விழுந்து கிடக்கும் அவருடைய முகம் வெளிச்சத்தில் கரைந்து ட்ரவுட்டனின் முகமாக மாறும். காட்சிக் கலவைப் பொறுப்பில் இருந்த ஷர்லி கவர்ட் இதை ஸ்டூடியோவில் பதிவின்போதே செய்து முடித்தார். அந்தப் பகுதியின் பிரதியும் காணாமல் போய்விட்டது. ஆனால் 1973-ல் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் இந்தத் துண்டைப் போட்டுக் காட்டியதால் இது மட்டும் தப்பியது.

கதை

புது டாக்டர் எழுகிறார். பழைய மோதிரம் விரலில் பொருந்தவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பழைய முகம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. பெட்டிகளைக் குடைகிறார், குழல் ஊதுகிறார், நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. தன்னைப் பற்றிப் பேசும்போதே 'டாக்டர்' என்று வேறு யாரையோ சொல்வதுபோல் பேசுகிறார். உடன் பயணிக்கும் பாலி (அனகே வில்ஸ்) இவர்தான் அவர் என்று நம்புகிறாள். பென் (மைக்கேல் கிரேஸ்) நம்ப மறுக்கிறான். வீட்டில் இருந்து பார்த்தவர்களும் இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள்.

மூவரும் இறங்குவது வல்கன் என்ற கோளில் உள்ள மனிதக் குடியேற்றத்தில். அங்கே பாதரசச் சதுப்பில், பூமியிலிருந்து வந்த ஆய்வதிகாரி ஒருவர் டாக்டரின் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறார். அவருடைய அடையாளச் சின்னத்தை எடுத்துக்கொண்ட டாக்டரையே எல்லோரும் அந்த அதிகாரி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆக, யாரென்றே உறுதியாகாத ஒருவர் இன்னொருவராக நடிக்க வேண்டியதாகிறது. விட்டேக்கரின் திறமைக்கு இது நல்ல சான்று.

குடியேற்றத்தின் விஞ்ஞானி லெஸ்டர்சன் (ராபர்ட் ஜேம்ஸ்), சதுப்பில் இருநூறு ஆண்டுகள் புதைந்து கிடந்த ஒரு விண்கலத்தைத் திறந்து, அதற்குள் செயலற்றுக் கிடந்த டாலெக் ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்து எழுப்புகிறார். எழுந்த உடனேயே அது உதவியாளர் ஒருவரைச் சுட்டுவிடுகிறது. அந்த மரணம் லெஸ்டர்சனிடமிருந்து மறைக்கப்படுகிறது. ஆயுதக் கையைக் கழற்றியபின் டாலெக் பணிவான ஊழியனாகிறது: பானம் ஏந்தி வருகிறது, கணிப்பொறி கட்டித் தருகிறேன் என்கிறது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்யும் பாதுகாப்புத் தலைவர் பிராகனும், கிளர்ச்சிக்காரி ஜான்லியும் டாலெக்குகளைத் தங்கள் கருவி என்று நினைக்கிறார்கள். கலத்துக்குள் டாலெக்குகள் வரிசையாகத் தங்களையே உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன. இந்த உற்பத்திக் காட்சியில் கூட்டத்தைக் காட்டக் கடையில் விற்ற பொம்மை டாலெக்குகளையே பயன்படுத்தினார்கள்.

குடியேற்றத்தின் ஆளுநரை பிராகன் கொல்லச் செய்தபோது, மனிதரே மனிதரை ஏன் கொல்கிறார்கள் என்று டாலெக் ஒன்று கேட்கிறது. குழந்தைகளுக்கான மாலை நேரத் தொடரில் வந்த மிகக் கூர்மையான கேள்வி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். அறிவு கலங்கிப்போன லெஸ்டர்சன் கடைசியில் டாலெக்கின் முன் நின்று தானே அதன் ஊழியன் என்கிறார். அது அவரைக் கொல்கிறது. குடியேற்றத்தின் மின்சாரத்தையே டாலெக்குகள் மேல் திருப்பிவிட்டு டாக்டர் அவற்றை அழிக்கிறார். குடியேற்றமும் சேதமடைகிறது. நன்றியையோ கண்டனத்தையோ கேட்க நிற்காமல் அவர் கிளம்பிவிடுகிறார்.

புதிய நாயகனை நிலைநாட்டிய விதம்

இரண்டாம் பகுதியின் இறுதியில் ஆய்வகத்தில் டாலெக் முதன்முறையாக டாக்டரைப் பார்க்கிறது. அதன் கண்தண்டு மெல்லத் திரும்பி அவரையே தொடர்கிறது. முகம், உடை, குரல் எல்லாம் மாறியிருந்தும் அதற்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பென்னுக்கு விளங்காதது, பார்வையாளர் முடிவு கட்ட முடியாதது, பகைவனுக்கு ஒரே பார்வையில் தெரிகிறது.

தமிழ் வாசகருக்குத் திருமூலர் வரலாறு நினைவுக்கு வரும். சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனின் உடலில் சிவயோகியார் புகுந்தபோது முகம் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார். இவர் என் கணவர் அல்லர் என்று உணர்ந்தவள் மூலனின் மனைவி. பெரியபுராணத்தில் அந்த உண்மையை உறவு கண்டுகொள்கிறது. இங்கே அதற்கு எதிர்ப்பக்கம்: முகம் மாறி, ஆள் மாறவில்லை, கண்டுகொள்வது பகை. டாலெக்குகள் இந்தக் கதையில் வந்தது பார்வையாளர் எண்ணிக்கைக்காக என்று மட்டும் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அவற்றைவிட நம்பகமான சாட்சி புதிய நடிகருக்குக் கிடைத்திருக்க முடியாது.

ட்ரவுட்டனும் ஹார்ட்னலைப் பின்பற்ற முயலவில்லை. 1920-ல் லண்டனில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, 1953-ல் பிபிசியில் ராபின் ஹூடாக நடித்த அனுபவசாலி அவர். கண்டிப்பான முதியவரின் இடத்தில், தொளதொளக் கால்சட்டையும் நீண்ட தொப்பியும் அணிந்த நாடோடி ஒருவரைக் கொண்டுவந்தார். கோமாளித்தனத்துக்குப் பின்னால் எதையும் விடாமல் கவனிக்கும் கண்கள். ட்ரவுட்டனின் டாக்டருக்குப் பொருந்துமாறு வசனங்களை டென்னிஸ் ஸ்பூனர் திருத்தி எழுதினார். திரையில் அவர் பெயர் வரவில்லை. ஆறு வாரமும் சராசரியாகச் சுமார் 78 லட்சம் பேர் பார்த்தனர். ட்ரவுட்டன் 1969 வரை நடித்தார்.

'மறுபிறப்பாக்கம்' என்று இன்று ரசிகர்கள் குறிப்பிடும் இந்த மாற்றத்துக்கு அந்தப் பெயர் 1974-ல்தான் தொடருக்குள் வந்தது. 1970-ல் ஜான் பெர்ட்வீ, பிறகு டாம் பேக்கர் என்று வரிசை நீண்டது. பேக்கரின் முதல் கதையான 'ரோபாட்'டை இயக்கியவரும் கிறிஸ்டோபர் பாரிதான். 2017-ல் ஜோடி விட்டேக்கர் அந்த வேடம் ஏற்ற முதல் பெண்ணானார்.

அழிவும் மீட்பும்

காணொளி நாடாக்கள் விலை உயர்ந்தவை, மறுபடி பதிவு செய்யத் தக்கவை என்பதால் பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகளை அழித்துவந்தது. ஹார்ட்னல், ட்ரவுட்டன் காலத்துப் பகுதிகளில் 90-க்கும் மேற்பட்டவை அப்படிப் போயின. வாரிஸ் ஹுசேன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்க்கோ போலோ'வின் ஏழு பகுதிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட 16 மி.மீ. பிரதிகள் சில பின்னாளில் திரும்பின. 2013-ல் நைஜீரியாவிலிருந்து ட்ரவுட்டன் காலத்துப் பகுதிகள் ஒன்பது மீண்டன. 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' அவற்றில் இல்லை.

ஆனால் ஒலி முழுவதும் பிழைத்தது. ரசிகர்கள் தங்கள் வீட்டில் ஒளிபரப்பின்போதே ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். ஜான் க்யூரா என்பவர் தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து விற்பதைத் தொழிலாகச் செய்துவந்தார். காட்சிகள் எப்படி அமைந்திருந்தன என்பதை அவருடைய படங்கள் காட்டுகின்றன. இவை இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு சார்ல்ஸ் நார்ட்டன் இயக்கிய அசைவூட்டப் பதிப்பு, முதல் ஒளிபரப்பு நடந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து 2016 நவம்பர் 5 மாலை வெளியானது. கோட்டோவியங்களில் ட்ரவுட்டனின் முக நுணுக்கம் பெரிதும் தொலைந்துவிட்டது. இந்தக் கதையில் அவருடைய நடிப்பில் நமக்கு எஞ்சியிருப்பது குரலும், சில நொடிகளே ஓடும் படத்துணுக்குகளும்தான்.