ஸ்கர்வி நோயும் எலுமிச்சைச் சாறும்: ஒரு வரலாறு

பழங்களும் காய்கறிகளும் உடல்நலத்திற்கு இன்றியமையாதவை என்பது இன்று பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் செய்தி. இந்த எளிய உண்மையை மனித இனம் உறுதியாக அறிந்துகொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதற்காகக் கொடுத்த விலையும் பெரிது. அந்த வரலாற்றை ஸ்கர்வி என்னும் நோயின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

நோயின் தன்மை

ஸ்கர்வி, உணவில் உயிர்ச்சத்து சி தொடர்ந்து கிடைக்காதபோது உண்டாகும் குறைபாட்டு நோயாகும். தோல், எலும்பு, இரத்தக் குழாய், பல் ஈறு ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் சரியாக உருவாவதற்கு இச்சத்து தேவை. இது இல்லாமல் ஒன்று முதல் மூன்று மாதங்கள் கழிந்தால் நோயின் அறிகுறிகள் தோன்றத் தொடங்கும். முதலில் சோர்வும் மூட்டுவலியும் வரும். பின்னர் ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும், பற்கள் ஆடும். எப்போதோ ஆறிப்போன பழைய புண்கள்கூட மீண்டும் திறந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் மரணம் நேரும்.

பெரும்பாலான விலங்குகள் உயிர்ச்சத்து சியைத் தங்கள் உடலிலேயே உருவாக்கிக் கொள்கின்றன. மனிதனும், குரங்கினங்கள் பலவும், கினி எலியும் அந்த ஆற்றலை இழந்தவை. எனவே மனிதன் இச்சத்தை உணவிலிருந்தே பெற வேண்டும்.

நீண்ட கடற்பயணங்கள்

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் பெருங்கடல்களைக் கடக்கத் தொடங்கியபோது ஸ்கர்வி மாலுமிகளின் முதல் எதிரியாயிற்று. உலர்ந்த ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, பட்டாணி ஆகியவையே கப்பல் உணவு. பசுங்காய்களும் பழங்களும் சில நாட்களில் அழுகிவிடும்.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில் அரபிக் கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் சுமார் 30 மாலுமிகள் இந்நோயால் இறந்தனர். கப்பல்களைச் செலுத்தப் போதிய ஆட்கள் இல்லாததால் ஒரு கப்பலையே எரித்துவிட்டு மற்றவற்றில் பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று.

1601இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்திற்கு ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமை தாங்கினார். நான்கு கப்பல்களில் தாம் சென்ற கப்பலின் மாலுமிகளுக்கு மட்டும் அவர் தினமும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் பெரிதும் நலமாக இருந்தனர். மற்ற மூன்று கப்பல்களில் பலர் இறந்தனர். இவ்வளவு தெளிவான சான்று கிடைத்தும் அது பொது நடைமுறையாகவில்லை.

1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் புறப்பட்ட பிரித்தானியக் கடற்படைப் பயணத்தில் சுமார் 1,900 பேர் சென்றனர். அவர்களில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போரில் இறந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோரைக் கொன்றவை ஸ்கர்வி முதலிய நோய்கள்.

ஜேம்ஸ் லிண்டின் சோதனை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747 மே மாதத்தில் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் ஒரு சோதனை நடத்தினார். ஸ்கர்வி கண்ட 12 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, எல்லோருக்கும் ஒரே உணவு கொடுத்தார். பின்னர் அவர்களை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மருந்து அளித்தார். அவை ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலக் கலவை, காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம், நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் என்பன.

பழங்கள் ஆறு நாட்களில் தீர்ந்துவிட்டன. ஆனால் அதற்குள்ளாகவே பழம் உண்டவர்களில் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலையை அடைந்தார். மற்றவர் ஏனைய நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறினார். ஆப்பிள் மது பெற்றவர்களிடம் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஒரே நிலையில் உள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்து மருந்துகளை ஒப்பிட்ட இச்சோதனை, மருத்துவ ஆய்வு வரலாற்றில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

நாற்பது ஆண்டுத் தாமதம்

லிண்ட் தமது நூலை 1753இல் வெளியிட்டார். இருந்தும் கடற்படை உடனே மாறவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. 400 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில் இச்சோதனை சில பத்திகளில் மட்டுமே இடம்பெற்றிருந்தது. ஈரக்காற்றால் வியர்வை தடைப்படுவதும் நோய்க்கு ஒரு காரணம் என்று லிண்ட் நம்பினார். மேலும், சாறு கெடாமலிருக்க அதைச் சூடாக்கிச் சுண்டவைக்கும்படி பரிந்துரைத்தார். வெப்பத்தால் உயிர்ச்சத்து சி அழியும் என்பது அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. எனவே அந்தப் பாகு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

1794இல் சஃபோக் என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. மாலுமிகளுக்கு நாள்தோறும் எலுமிச்சைச் சாறு வழங்கப்பட்டது. கரை தொடாத 23 வாரப் பயணத்தின் முடிவில் அக்கப்பல் ஸ்கர்வியின் பெரும் பாதிப்பின்றிச் சென்னையை அடைந்தது. மருத்துவர் கில்பர்ட் பிளேன் முதலியோரின் முயற்சியால் 1795இல் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் கடற்படையில் ஸ்கர்வி அரிதாயிற்று.

மறந்துபோன பாடம்

வரலாறு இத்துடன் முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கடற்படை, மத்தியதரைக்கடல் பகுதியின் லெமன் பழத்திற்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் பழத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. நம் சந்தைகளில் கிடைக்கும் சிறிய எலுமிச்சை இந்த லைம் வகையைச் சேர்ந்ததே. புளிப்புதான் நோயைத் தடுக்கிறது என்று அப்போது கருதினர். லைம் அதிகப் புளிப்புடையது. ஆனால் லெமனைவிட அதில் உயிர்ச்சத்து சி குறைவு. நெடுநாள் சேமித்து வைத்ததால் இருந்ததும் குறைந்துபோயிற்று.

இந்தக் குறை உடனே வெளிப்படவில்லை. நீராவிக் கப்பல்களால் பயண நாட்கள் குறைந்துவிட்டதால், சாறு பயனற்றதாக இருந்தபோதும் மாலுமிகள் நோயுறவில்லை. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பிரித்தானியக் குழுவில் பலர் ஸ்கர்வியால் வீழ்ந்தபோதுதான் உண்மை தலைகாட்டியது. அப்போதும் தவறான முடிவுக்கே வந்தனர். சாற்றுக்கு ஆற்றல் இல்லை, கெட்டுப்போன டின் இறைச்சியே நோய்க்குக் காரணம் என்ற கருத்து பரவியது. ஒரு மருந்து பலன் தருகிறது என்பதை அறிந்தவர்கள், அது ஏன் பலன் தருகிறது என்பதை அறியாததால் கையிலிருந்த அறிவையே இழந்தனர்.

உயிர்ச்சத்து சி கண்டறியப்படுதல்

1907இல் நார்வேயைச் சேர்ந்த ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபிரோலிக் ஆகிய இருவரும் தானிய உணவை மட்டும் உண்ட கினி எலிகளுக்கு ஸ்கர்வி வருவதையும், பசுங்காய்கள் கொடுத்தால் அது தடுக்கப்படுவதையும் நிறுவினர். இதன்பின் உணவுகளின் ஆற்றலை ஆய்வுக்கூடத்திலேயே அளந்து பார்க்க முடிந்தது. ஹங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் செண்ட்-கியோர்கி 1928இல் பிரித்தெடுத்த பொருளே உயிர்ச்சத்து சி என்பது 1932இல் உறுதியாயிற்று. ஆய்வுக்குத் தேவையான அளவு சத்தை அவர் தம் ஊரில் மிகுதியாக விளைந்த குடைமிளகாய் வகையிலிருந்து பெற்றார். 1937இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்றைய உணவுக்கான பாடம்

ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி போதும். நல்ல உடல்நலத்திற்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை. நெல்லிக்காயும் கொய்யாவும் இதில் எலுமிச்சையைவிடப் பன்மடங்கு வளமானவை. முருங்கைக்கீரை, குடைமிளகாய், பச்சை மிளகாய் ஆகியவற்றிலும் இது மிகுந்துள்ளது. இச்சத்து நீரில் கரைவது; வெப்பத்தால் குறைவது. ஆகவே காய்களை நறுக்குவதற்கு முன்பே கழுவுவதும், குறைந்த நீரில் குறைந்த நேரம் வேகவைப்பதும், சிலவற்றைப் பச்சையாக உண்பதும் நல்லது.

நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் முதலியவற்றையும் பழங்களும் காய்கறிகளும் தருகின்றன. இவற்றை நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2021ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பழங்கள், காய்கறிகள் ஆண்டாக அறிவித்தது.

ஸ்கர்வி முற்றிலும் மறைந்துவிட்டதாகக் கருத இயலாது. 1980களில் ஆப்பிரிக்காவின் கிழக்குமுனை நாடுகளில் இருந்த அகதி முகாம்களில், தானியமும் பருப்பும் எண்ணெயும் மட்டுமே கிடைத்த மக்களிடையே இந்நோய் பரவியது. அவர்களின் நிலை, அன்றைய மாலுமிகளின் நிலையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.