கருவி தரும் இடைவெளி: திண்டிவனம் வட்டாரத்து இயன்முறை சிகிச்சை குறித்து

பிரம்மதேசம் போன்ற ஊர்களில் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் இயன்முறை சிகிச்சை என்றால் ‘கரண்ட் வைப்பது’ என்றே பொருள். திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். கால் மணி நேரம் கருவியோடு படுத்திருந்து திரும்ப வேண்டும். பத்து சிட்டிங் என்று எழுதிக் கொடுத்தால், நடவுக்கும் மல்லாட்டைக் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்குப் பத்து முறை கூலி கெடும். அந்த இழப்புக்கு ஈடான பலனைக் கருவி தருகிறதா? நாள்பட்ட வலியில், உடற்பயிற்சிக்கு வழிவிடும்போது மட்டுமே தருகிறது என்பது என் வாதம்.

தோல்வழியே மின்னோட்டம் செலுத்தி வலியைத் தணிக்கும் டென்ஸ் கருவியின் அடிப்படை, 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு. தொடுவுணர்வைச் சுமக்கும் பருத்த நரம்பிழைகளைத் தோல்வழியே தூண்டினால், தண்டுவடத்தில் வலிச்செய்தி மேலேறுவது தணிகிறது. 2022இல் வெளிவந்த தொகுப்பாய்வு 381 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, மின்னோட்டம் பாயும்போதும் நிறுத்தியவுடனும் வலி குறைகிறது என்று கண்டது. பலன் உண்மையானது, ஆனால் அது உறுதிப்பட்டிருப்பது அந்தக் குறுகிய நேரத்துக்குத்தான். வலி தணிந்த அந்த நேரத்தில் முழங்காலை நீட்டி மடக்கவும் தொடைத் தசைக்கு வேலை கொடுக்கவும் சொல்லித்தராமல் அனுப்பினால், நோயாளி பஸ் நிலையத்தை அடைவதற்குள் பயன் தீர்ந்துவிடக்கூடும்.

அல்ட்ராசவுண்டின் நிலை இதைவிட மெலிந்தது. ஜெல் தடவி 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியலையைச் செலுத்தும் இந்தச் சிகிச்சையை ராபர்ட்சனும் பேக்கரும் 2001இல் மதிப்பிட்டனர். கிடைத்த 35 சோதனைகளில் முறையாக நடந்தவை என அவர்கள் ஏற்றவை 10. அவற்றுள் இரண்டு மட்டுமே போலிச் சிகிச்சையைவிட மேலான பலனைக் காட்டின: ஒன்று மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தில், மற்றது தோள் தசைநாணில் சுண்ணாம்பு படிந்த நோயில். நாள்பட்ட இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இழுவை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. அதே வழிகாட்டுதல் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

இதை வைத்துக் கருவிகளை மொத்தமாக ஒதுக்குவது பிழை. அந்த வழிகாட்டுதல் காயத்துக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சிக்கும் எழுதப்பட்டதன்று. முழங்கால் அறுவைக்குப் பின் சுருங்கிப்போன தொடைத் தசையை மின்தூண்டலால் இயக்குவதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அங்கும் தூண்டலோடு நோயாளி தானே தசையை இறுக்கிப் பழக வேண்டும்.

வெப்பம் தரும் கருவிகளில் எனக்குள்ள கவலை வேறு. நீரிழிவால் பாத உணர்வு மங்கியவருக்கு மெழுகு ஒத்தடமோ ஷார்ட்வேவோ சுடுவது தெரியாது. புண் வந்த பிறகே தெரியும். வெந்நீரும் குளிர்நீரும் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றித் தோலில் வைத்துச் சூடும் குளிர்ச்சியும் பிரித்துணர முடிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கூட்டத்தைக் காரணம் காட்டி அதைத் தவிர்ப்பதை ஏற்க முடியாது.

இந்தப் பின்னணியில்தான் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மதிப்பிட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது. பெரிய கருவிகளை வீடுவீடாகச் சுமக்க முடியாது. அதனால் வீட்டில் தருவதை ஏழைகளுக்கான குறைச் சிகிச்சை என்று கருதுவோர் உண்டு. மேலே கண்ட சான்றுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன: நிலைத்த பயன் பயிற்சியில்தான். நோயாளி உட்காரும் திண்ணையின் உயரம், கழிப்பறைக்குப் போகும் வழி, பக்கவாதத்தில் விழுந்த கையைத் தூக்கிவிட வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் வீட்டுக்குப் போனால்தான் தெரியும். பயிற்சி அதற்கேற்ப அமையும்.

‘மிஷின் வைக்காமல் என்ன வைத்தியம்’ என்று கேட்கும் நோயாளியின் நம்பிக்கையை உதற வேண்டியதில்லை. கையடக்க டென்ஸை வைத்துவிட்டு, அது ஓடும்போதே பயிற்சியைத் தொடங்கலாம். மாற வேண்டியது பதிவேடு. எத்தனை சிட்டிங் முடிந்தது என்பதோடு, முப்பது விநாடியில் நோயாளி நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழுந்தார் என்பதையும் முதல் நாளிலும் ஆறாம் வாரத்திலும் சிகிச்சையாளர் எழுதட்டும். அந்த எண் உயராத இடத்தில் மேலும் பத்து சிட்டிங் எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.