இணைக்கும் கை: தந்திக் கம்பி முதல் பல்திரை வரை

பல படக்கருவிகளைப் பல திரைகளோடு வேண்டியவாறு இணைத்துத் தரும் மேட்ரிக்ஸ் மாற்றுப்பெட்டி, இன்று பெரிய மண்டபங்களிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் இடம்பெற்றுள்ளது. அதன் முன்னோரைத் தேடுவோர் பழைய தொலைபேசி நிலையங்களுக்கும், அதற்கும் முன்னர்ப் பேராக் மண்ணில் ஓடிய ஒரு தந்திக் கம்பிக்கும் செல்ல வேண்டும்.

1876ஆம் ஆண்டில் கோலகங்சாரிலிருந்து தைப்பிங்கிற்கு அக்கம்பி இழுக்கப்பட்டது. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் இல்லமும் அவருடைய துணையதிகாரியின் இல்லமும் அதனால் இணைந்தன. பேராக்கில் 1874இலேயே தொலைபேசி வைக்கப்பட்டதென்று சில குறிப்புகள் கூறும். கிரகாம் பெல் தம் கருவிக்கு உரிமம் பெற்றதே 1876இல்தான். ஆகவே அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. வரலாறு பயிலும் மாணவர் ஆண்டுகளை இவ்வாறு ஒப்புநோக்கப் பழகுதல் நன்று.

இரு வீடுகளுக்கு ஒரு கம்பி போதும். நூறு வீடுகள் தமக்குள் பேசவேண்டுமாயின் 4950 கம்பிகள் தேவைப்படும். எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்திற்குக் கொணர்ந்து, வேண்டிய இரண்டை மட்டும் இணைக்கும் நடுநிலையம் இதனாலேயே தோன்றிற்று. கோலாலம்பூரில் அது 1891இல் ஏற்பட்டது. அங்கே இணைத்தது மனிதக் கை. கை நினைத்தால் இணைக்கும். நினையாவிடில் காத்திருக்க வைக்கும். அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர், தம் அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக ஐயுற்றார் என்பர். கதை எவ்வாறாயினும், தானே இணைக்கும் பொறிக்கு அவர் உரிமம் பெற்றதும் அதே 1891இல்தான்.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் தொலைபேசி பெரும்பாலும் துரை பங்களாவிலும் ஆபீசிலுமே இருந்தது. லயத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நோய் முற்றினால், முதலில் கிராணியாரின் கதவைத் தட்ட வேண்டும். அவர் மனம் இரங்கிய பின்னரே மருத்துவமனைக்குச் செய்தி போகும். இணைப்பாளரை அயலூரான் இயந்திரத்தால் நீக்கினான். தோட்டத்திலோ கிராணியாரே இணைப்பாளர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எண்ணைச் சுழற்றியே பேசும் வசதி 1962இல் வந்தபோது, அத்துறையின் அமைச்சராக இருந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன். ஆயினும் அன்று தோட்டத் தொழிலாளர் வீடுகளில் தொலைபேசி மணி ஒலிக்கவில்லை.

இதற்கிடையே பொறியும் வளர்ந்தது. ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் 1926இல் குறுக்குச்சட்ட நிலையம் இயங்கியது. கிடைச்சட்டமும் நெடுஞ்சட்டமும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இணைப்பு. மேட்ரிக்ஸ் பெட்டியின் உயிர்நிலை இதுவே. பதினாறு வரவுகளும் பதினாறு செலவுகளும் உடைய பெட்டிக்கு 256 புள்ளிகள் வேண்டும். முப்பத்தாறு என்றால் 1296. சார்லஸ் குளோஸ் என்னும் பொறியியலார் 1953இல் ஒரு வழி கண்டார். சிறு சிறு கட்டங்களை மூன்று அடுக்குகளாக அமைத்தால், எவ்விணைப்பும் தடைபடாமல் 1188 புள்ளிகளே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். எண்ணிக்கை பெருகப் பெருக மிச்சமும் பெருகும்.

1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. குரலை மாற்றிவிட்ட கலை, படத்தை மாற்றிவிடும் கலையாயிற்று. தொலைபேசியில் ஒருவர் பெரும்பாலும் ஒருவரோடுதான் பேசுவார். படமோ ஒரே நேரத்தில் எத்தனை திரைகளிலும் தோன்றலாம். ஆனால் ஒரு திரை தனக்கென ஒரு புள்ளியைத்தான் ஏற்கும். இன்றைய பெட்டியில் வரவுக்கும் செலவுக்கும் தனித்தனி அட்டைகள் செருகப்படுகின்றன. திரைகள் கூடினால் அட்டையைக் கூட்டலாம்; ஓர் அட்டை பழுதானால் அதனை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம்.