பாட்டியின் ஓலைப்பெட்டியில் இருந்த இரும்புக் குண்டு

1/ போன மாசம் இனயத்துல பழைய வீட்டை ஒதுக்கும்போது பாட்டியோட பனையோலைப் பெட்டி கிடைச்சது. உள்ளே ஒரு செபமாலை, ரெண்டு ஞானஸ்நானச் சீட்டு, எண்ணெய்த் துணியில சுத்தின ஒரு இரும்புத் துண்டு. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குட்டை, ஒரு முனை கூர்மை. தம்பி பார்த்ததும் "துப்பாக்கிக் குண்டு" என்றான். பக்கத்து வீட்டு மாமா "வலையில கட்டுற ஈயக்குண்டு மக்கா" என்றார்.

2/ நோயாளியைப் பார்க்கிற அதே வரிசையில இதையும் பார்த்தேன். முதல்ல கண், அப்புறம் கை, கடைசியா டெஸ்ட். கையில எடுத்தா ஈயத்தோட கனம் இல்லை. காந்தம் வச்சேன், ஒட்டிக்கிச்சு. ஈயம் காந்தத்துல ஒட்டாது. மாமா அவுட்.

3/ உள்ளே வெற்றிடம். பக்கவாட்டுல நீளமா ஒரு ஸ்பிரிங் தகடு, அதை இறுக்க கடுகு அளவு ஒரு ஸ்குரு. தட்டினதும் உள்ளிருந்து மெல்லிய கம்பி ஒண்ணு விழுந்தது. ரெண்டு நுனியிலும் குட்டி வட்டத் தட்டு, நடுவுல சாயம் போன வெள்ளை நூல். தம்பியும் அவுட். குண்டுக்குள்ள யாரும் நூல் சுத்தி வைக்க மாட்டாங்க.

4/ கருங்கல்ல ஒரு டெய்லரிடம் காட்டினேன். முப்பது வருஷ அனுபவம், ஆனா இதைப் பார்த்ததில்லை என்றார். காரணம் இருக்கு. இன்னைக்கு அவர் கையாளுறது வட்டமான பாபின், அதுக்கு ஒரு பாபின் கேஸ். இது அதுக்கு முந்தின தலைமுறை. பேரு ஷட்டில். நெசவுத்தறியில நூலைச் சுமந்து ஓடுற நாடாவோட சின்ன உருவம்.

5/ இது எப்படி வேலை செய்யுது? நாங்க காயத்துக்குப் போடுற தையல்ல ஒரே நூல். மிஷின்ல ரெண்டு. ஊசி மேல்நூலோடு துணிக்குள்ள இறங்கி, லேசா ஏறும்போது அடியில நூல் ஒரு வளையமா விரியும். அந்த வளையத்துக்குள்ள ஷட்டில் முழுசா நுழைஞ்சு வெளியே வரணும். அப்பதான் ரெண்டு நூலும் துணிக்கு நடுவுல பூட்டிக்கும். முனை கூர்மையா இருக்கிறது அதுக்குத்தான்.

6/ இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. நூல் அதைச் சுத்தி முழுசா தாண்டிப் போகணும்னா, ஷட்டிலை எதோடும் ஸ்குரு போட்டு முடுக்க முடியாது. தன் தொட்டில்ல சும்மா படுத்திருக்கும். தகட்டை இழுத்துட்டு ரெண்டு விரலால எடுத்துடலாம். இது பின்னாடி தேவைப்படும்.

7/ இப்ப வரலாறு. 1846ல எலியாஸ் ஹோவ் பேட்டன்ட் வாங்கின மிஷின்லயே ஷட்டில் உண்டு. நேர்கோட்டுல போய்வரும். 1850ல ஆலன் வில்சன் அதை வளைவுப் பாதையில ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டார். ஐசக் சிங்கரோட பேட்டன்ட் 1851ல. சிங்கர் கம்பெனி ஆடும் ஷட்டில் மிஷின்களை 1880கள்ல பெரிய அளவுல செய்ய ஆரம்பிச்சது. அதுல முக்கால் அளவு மாடல்தான் 28. அது பெரும்பாலும் கைமிஷினா வந்தது.

8/ மிஷின் எங்கே? மாமி (அப்பாவோட தங்கச்சி) வீட்டுப் பரண்ல இருந்தது. கைப்பிடி இருக்கு, பொன்னெழுத்து தேய்ஞ்சு போச்சு. அடித்தகட்டுல எண், முதல் எழுத்து எஃப். 1900லேர்ந்து சிங்கர் எண்களுக்கு முன்னாடி எழுத்து போட்டாங்க. எஃப் என்றால் ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் தொழிற்சாலை, 1910கள். அந்தப் பத்தாண்டோட தொடக்கத்துல அங்கே வருஷத்துக்கு 10 லட்சம் மிஷினுக்கு மேல செஞ்சாங்க. 1980ல மூடிட்டாங்க.

9/ ஸ்காட்லாந்து மிஷின் மீன்பிடி கிராமத்துக்கு எப்படி வந்தது? தவணை. 1856லயே சிங்கர் கம்பெனி தவணை முறையை ஆரம்பிச்சிட்டாங்க. கடைசித் தவணை கட்டும்வரை மிஷின் கம்பெனிக்குச் சொந்தம். இந்தியாவுல 1870கள்லயே விற்பனை. 1930கள்ல கல்கத்தாவுல உஷா வர்ற வரைக்கும் இங்கே ஓடினதெல்லாம் பெரும்பாலும் இறக்குமதி. எங்க மிஷின் பாட்டிகிட்ட வரும்போதே ரெண்டாம் கை.

10/ எங்க ஊர்ப்பக்கம் தையல்னா சாதாரண விஷயமும் இல்லை. தெற்குத் திருவிதாங்கூர்ல ரவிக்கை போடுறதுக்கே பெண்கள் பல வருஷம் அடிபட்டாங்க. தோள்சீலைப் போராட்டம். 1859 ஆணையில நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், இல்லன்னா முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி சுத்திக்கலாம்னு அனுமதி. மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது. எங்க கடற்கரைப் பெண்களோட உடுப்பு அதுல அளவுகோலா வருது. அந்தக் கடற்கரையிலதான் நூறு வருஷம் கழிச்சு பாட்டி ஊருக்கே ரவிக்கை தைச்சாங்க.

11/ சரி, ஷட்டில் மட்டும் ஏன் செபமாலையோட இருந்தது? மாமிகிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. ஒரு ஆடி மாசம், கடல் கோபமா இருந்த நேரம், வள்ளம் இறங்கல. தாத்தா கடனுக்காக மிஷினை விற்க ஆள் கூட்டிட்டு வந்தாராம். வந்தவர் துணி வச்சுச் சுத்திப் பார்த்தார். ஊசி ஏறி இறங்குது, துணியில ஓட்டைதான் விழுது, தையல் விழல. "கெட்டுப்போன மிஷின்" என்று போய்ட்டார்.

12/ மறுநாள் காலையில அதே மிஷின் தைச்சுதாம். தாத்தா ஒண்ணும் கேக்கலையாம். அதுக்கப்புறம் தினம் ராத்திரி வேலை முடிஞ்சதும் ஷட்டில் பாட்டி மடிக்குப் போயிடும். மாமியோட ஸ்கூல் ஃபீஸ், அப்பாவோட காலேஜ் ஃபீஸ், எல்லாம் அந்த மிஷின் காசு. அப்பா படிச்சதாலதான் நான் ஸ்டெத் மாட்டியிருக்கேன்.

13/ போன ஞாயித்துக்கிழமை எண்ணெய் விட்டு, ஷட்டிலைத் தொட்டில்ல வச்சு, மாமியே கைப்பிடியைச் சுத்தினாங்க. முதல் நாலு தையல் விட்டுப்போச்சு. அஞ்சாவது பிடிச்சது.

14/ உங்க வீட்டுப் பரண்லயும் கைமிஷின் இருந்தா எண்ணைப் பாருங்க, தகட்டைத் திறந்து பாருங்க. தொட்டில் காலியா இருந்தா பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. முதல்ல பாட்டியோட பெட்டியைத் தேடுங்க.