‘ஷல்’ என்றொரு கடன்

ஆங்கிலத்தில் எழுதிய சட்டப் புத்தகம் எதை வேண்டுமானாலும் புரட்டுங்கள். வரிக்கு வரி கண்ணில் படுகிற சொல், ‘ஷல்’. ‘ஐ’, ‘வீ’க்கு ஷல், மற்றதுக்கெல்லாம் வில் என்று ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்களே, அதே ஷல்தான். ஆனால், சட்டத்தில் கதையே வேறு. ‘மே’ என்றால் செய்யலாம். ‘ஷல்’ என்றால் செய்தே ஆகவேண்டும்!

இந்த அதிகாரம் அதுக்கு எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்று அர்த்தம். கொடுக்கவேண்டிய பணம், மெல்ல மெல்ல செய்யவேண்டிய கடமையாகிவிட்டது. நமக்கு இது புதுசா என்ன? தமிழிலும் ‘கடன்’ என்றால் கடமைதானே!

வக்கீல்கள் அந்தச் சொல்லைச் சும்மா விடவில்லை. கட்டளைக்கும் ஷல், எதிர்காலத்துக்கும் ஷல், வெறும் விளக்கத்துக்கும் ஷல். விளைவு? அரசாங்கத்துக்கு எதிராக வருகிற ‘ஷல்’லை, வேறு நோக்கம் தெளிவாகத் தெரியாதபோது, ‘மே’ என்றே படிக்கவேண்டும் என்று 1877-லேயே சொல்லிவிட்டது அமெரிக்க சுப்ரீம் கோர்ட்.

இது ஏதோ இலக்கண வம்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் என்று ஓர் ஊர். 1999 ஜூன் 22. பிரிந்திருந்த கணவன் நெருங்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கியிருந்தார் ஒரு பெண். மீறினால் போலீஸ் ‘ஷல் அரெஸ்ட்’ என்று உத்தரவிலேயே அச்சடித்திருந்தது. அன்று சாயங்காலம் மூன்று மகள்களையும் அவன் கூட்டிப்போய்விட்டான். போலீஸுக்கு போன் மேல் போன். ராத்திரி பத்து மணி வரை பொறுங்கள் என்றார்கள். அப்புறம், பன்னிரண்டு வரை. விடிகாலை 3.20-க்கு அவனே ஸ்டேஷனுக்கு வந்து சுட்டான். போலீஸ் திருப்பிச் சுட்டதில் செத்தான். அவன் வண்டிக்குள், மூன்று குழந்தைகளின் சடலங்கள்.

அந்தத் தாய் ஊர் நிர்வாகத்தின் மேல் கேஸ் போட்டார். 2005-ல் சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2 என்ற கணக்கில் கைவிரித்தது. ‘ஷல்’ என்று எழுதியிருந்தாலும், கைது செய்வதா வேண்டாமா என்பது காலம்காலமாக போலீஸின் முடிவு என்றார் நீதிபதி ஸ்காலியா. போலீஸுக்கு அந்த சாய்ஸ் இருக்கக்கூடாது என்றுதானே இப்படிச் சட்டமே போட்டார்கள் என்று கேட்டவர்கள், ஸ்டீவன்ஸும் கின்ஸ்பர்க்கும் மட்டும்தான்.

2007-ல் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளின் சிவில் விதிகளைத் திருத்தி எழுதியபோது ‘ஷல்’லைத் தூக்கிவிட்டார்கள். கட்டாயம் என்ற இடத்தில் இப்போது ‘மஸ்ட்’. தென்னாப்பிரிக்கா 1996-ல் எழுதிய அரசியல் சட்டத்திலும் ‘மஸ்ட்’தான்.

நல்லதுதான். ஆனால், பத்திரத்தில் என்ன வார்த்தை இருந்தால் என்ன? வசூலிக்க வழி இல்லை என்றால், அது வாராக்கடன்தான்!