பட்டியலுக்கு அப்பால்: திறந்த அணுக்க ஆய்விதழ்களும் மலையக வாசகரும்

2015 ஜூன் மாதம் இலங்கை அரசு கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தது. இறம்பொடையிலிருந்து லபுக்கலை வரை ஏறிச் செல்லும் தேயிலை மலைகளில் இந்தத் தடை என்ன செய்யும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருந்தடித்து அடக்கிவந்த புல்லை இனிக் கையால் பிடுங்க வேண்டும், அல்லது சுரண்டியால் வழிக்க வேண்டும். கொழுந்தெடுக்கவே ஆள் போதாத காலம் அது. சுரண்டி போட்ட சரிவில் அடுத்த மழைக்கு மேல்மண் இறங்கும். இறம்பொடை ஓடைகள் அதைக் கொத்மலை நீர்த்தேக்கம் வரை கொண்டுபோகும். தடையை ஆதரித்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய ஆய்வுக் கட்டுரை ஒரு திறந்த அணுக்க ஆய்விதழில் வெளியானது. இணையம் உள்ள எவரும் காசின்றிப் படிக்கலாம். சுட்டியவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு கதை.

திறந்த அணுக்க இதழ்களுள் எதைப் படிப்பது என்று மாணவர் கேட்டால், 'இதழின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதென்று பார்' என்பதே நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். மலையகத்தைப் பற்றிப் படிப்பவரை அது சில வேளை தவறான பக்கமே திருப்பிவிடுகிறது.

சன்ன ஜயசுமன, சரத் குணதிலக, பிரியந்த சேனாநாயக்க ஆகிய மூவரும் எழுதிய அக்கட்டுரை 2014 பெப்ரவரியில், சுற்றாடல் ஆய்வுக்கும் பொதுச் சுகாதாரத்துக்குமான ஒரு சர்வதேச இதழில் வந்தது. இதழை வெளியிடுவது சுவிட்சர்லாந்தின் எம்.டி.பி.ஐ. நிறுவனம். வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் விவசாயிகளைப் பலிகொண்டுவரும், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயே கட்டுரையின் பொருள். கிளைபோசேட் தனியே இந்த நோயைப் பரப்புவதில்லை. கடின நீரோடும் நச்சு உலோகங்களோடும் சேரும்போதுதான் சிறுநீரகத்தைச் சிதைக்கும் ஆற்றலைப் பெறுகிறது போலும் என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். அது ஒரு கருதுகோள். கட்டுரையின் சுருக்கமே அதை மறைக்கவில்லை.

இங்கே ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். கருதுகோளின் அச்சாணி கடின நீர். உலர் வலயத்துக் கிணறுகளில் இருப்பது அது. இறம்பொடையில் மக்கள் குடிப்பது பாறையிலிருந்து இறங்கும் ஊற்று நீர், மென்னீர். மலைநாடு இந்நோயின் பிரதேசமாக அடையாளம் காணப்பட்டதும் இல்லை. ஆகவே கட்டுரையின் ஒவ்வொரு சொல்லும் மெய்யென்றே ஏற்றுக்கொண்டாலும், அதிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கான தடை பிறக்காது. தடைக்குக் கட்டுரை ஒன்றே காரணமும் அல்ல. அதே 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்திருந்தது. அரசியல் கணக்குகளும் இருந்தன. ஆனால் தோட்டத்துக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட இக்கட்டுரையை எடுத்துக் காட்டியவர்கள் அதன் நிபந்தனையை விட்டுவிட்டார்கள். 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் புல் வெட்டிய கைகளுக்கு எந்த ஆய்விதழும் கணக்கு எழுதியதாகத் தெரியவில்லை.

இதே நோயைப் பற்றி அக்கட்டுரைக்குச் சில மாதங்கள் முன்பு, 2013இல், இன்னொரு திறந்த அணுக்க இதழான பி.எம்.சி. நெஃப்ராலஜியில், உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த குழுவின் ஆய்வு வந்திருந்தது. நோயாளிகளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் சிறுநீர் மாதிரிகள் எடுத்து அளந்து, கட்மியத்தின் பக்கம் விரல் நீட்டிய ஆய்வு அது. அதன் முடிவும் பின்னர் கேள்விக்குள்ளானது. கவனிக்க வேண்டியது, இரண்டு இதழ்களும் சக மதிப்பாய்வு உள்ளவை. இரண்டும் அன்று பட்டியல்களில் மதிப்போடு இருந்தவை. பட்டியலை மட்டும் பார்க்கும் வாசகருக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஒன்று அளவீடு, மற்றது கருதுகோள் என்பதை அறிய உள்ளே போகத்தான் வேண்டும்.

பட்டியல்கள் எதற்கும் உதவாதவை என்று நான் சொல்லவில்லை. 2002இல் திறந்த அணுக்கத்துக்கான புடாபெஸ்ட் அறிக்கை வெளியான பின், ஆசிரியரிடம் பணம் வாங்கி எதையும் அச்சேற்றும் கடைகளும் முளைத்தன. கொலராடோவின் நூலகர் ஜெஃப்ரி பீல் அவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் நிறுத்தப்பட்டது. 2013இல் விஞ்ஞானப் பத்திரிகையாளர் ஜான் போஹனன் வேண்டுமென்றே பிழைகள் வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. (சந்தா இதழ்களுக்கு அவர் அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் அங்கும் சில முகங்கள் சிவந்திருக்கலாம்.) லுண்ட் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் விவரக் கோவை 2016இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியது. வாசல் காவலுக்கு இவை வேண்டும். உள்ளே எதை எடுப்பது என்பது அவற்றின் வேலை அல்ல.

அந்தக் காவலும் நிரந்தரமானதல்ல. 2014 கட்டுரை வந்த அதே இதழை வெப் ஆஃப் சயன்ஸ் என்ற சர்வதேச இதழ்த் தொகுப்பு 2023 மார்ச்சில் நீக்கியது. உள்ளடக்கம் இதழின் எல்லைக்குப் பொருந்தவில்லை என்பது காரணம். சிறுநீரகக் கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீக்கப்பட்ட அன்று அக்கட்டுரை பலவீனப்பட்டதா? அதற்கு முதல் நாள் வரை பலமாக இருந்ததா? பட்டியலை அளவுகோலாகக் கொள்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பட்டியலால் வரும் இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1928 முதல் 'டீ குவார்ட்டர்லி' என்ற இதழை வெளியிட்டுவந்தது. மலைச்சரிவின் மண், களை, கவ்வாத்து, உரம் பற்றிப் பல பதிற்றாண்டுகள் தோட்டத்திலேயே செய்த சோதனைகளின் பதிவு அது. தேசிய விஞ்ஞான மன்றம் சர்வதேச உதவியோடு 2008இல் தொடங்கிய இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தளத்தில், 1887இல் பிறந்த 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' தொடங்கிப் பல இதழ்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் பல பெரிய சர்வதேசத் தொகுப்புகளில் இல்லை. ஸ்கோபஸ் தொகுப்பின் எண்ணைப் பார்த்துவிட்டு இவற்றைத் தள்ளும் மாணவர், தன் ஊர் மண்ணைப் பற்றி வேறு நாட்டு மண்ணை வைத்து எழுதுவார். நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் தமிழ் ஆவணங்களுக்கும் இதே கதிதான். அங்கே மலையகச் சஞ்சிகைகளும் சிறு பிரசுரங்களும் உள்ளன. அவை சக மதிப்பாய்வு கண்டவை அல்ல. ஆனால் மூலச் சான்றுகள்.

சரி, உள்ளே போனால் முதலில் எதைப் பார்ப்பது? தரவு எங்கிருந்து வந்தது என்பதை. ஓர் எடுத்துக்காட்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் தோட்டத் துறையில் நூற்றுக்கு 32 பேர். நாட்டின் சராசரி 17. மலையகம் பற்றிய கட்டுரைகளில் இந்த எண்ணை அடிக்கடி காணலாம். 'மலையகத் தமிழ்ப் பிள்ளைகளில் 32 சதவீதம்' என்று அது உருமாறி நிற்பதையும் காணலாம். தோட்டத் துறை என்பது இனத்தின் பெயரல்ல. குடிசன மதிப்பீட்டில் அதன் வரைவிலக்கணம்: ஒரே நிர்வாகத்தின் கீழ் 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பரப்பும், குறைந்தது 10 வதிவிடத் தொழிலாளரும் கொண்ட தோட்டம். லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டில் வாழும் எவரும் அதற்குள் வருவர். இறம்பொடைக் கடைவீதியில் குடியிருக்கும் மலையகத் தமிழ்க் குடும்பம் அதற்குள் வராது. அது கிராமியத் துறையில் எண்ணப்படும். நல்ல இதழில் வந்த கட்டுரையும் இங்கே வழுக்கலாம். சாதாரண இதழில் வந்த கட்டுரை, எந்தத் தோட்டத்தில் எத்தனை லயங்களில் தரவு திரட்டினோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், அதையே முதலில் படிக்க வேண்டும்.

புதிதாக வந்த மாணவருக்கு முறையியலைப் படித்து எடைபோடும் பயிற்சி இல்லை, ஆங்கிலமும் தடை, அவருக்குப் பட்டியல்தானே பாதுகாப்பு என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் மேலே கண்ட இரண்டு வழுக்கல்களும் நுட்பமான புள்ளியியலில் நிகழவில்லை. ஒன்றில் 'கடின நீர்' என்ற சொல்லும் மற்றதில் 'தோட்டத் துறை' என்ற சொல்லும் கவனிக்கப்படாமல் போயின. இவற்றைப் பிடிக்கத் தேவை பொறுமையும் ஊரறிவும். ஊரறிவு மலையக மாணவரிடம் பிறர் எவரையும் விட அதிகம்.

மலையகம் குறித்த ஆய்வேடுகளை மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னாய்வு இயலில் எடுத்தாளும் ஒவ்வொரு கட்டுரைக்கும், இதழ் எந்தத் தொகுப்பில் உள்ளது என்று கேட்பதற்கு முன், தரவு எந்த இடத்தில் திரட்டப்பட்டது, அது அளவீடா கருதுகோளா, அதற்குப் பின் மறுப்போ திருத்தமோ வந்ததா என்று மாணவரை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத கட்டுரையை ஆய்வேட்டிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.